மெடிக்கல் ரெடி

டயர் கருகும் நாற்றத்தை மூக்கு நிறைய இழுத்து, கண்ணை மூடி, "ஆஹா" என்று சொல்லும் மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் இருவர் இல்லை, முப்பது பேர். நன்றாகப் படித்தவர்கள், குளித்து சென்ட் அடித்துக்கொண்டு வந்தவர்கள். அந்த நாற்றம் என் சட்டையில் ஏறி, ஷார்ஜா ரோலாவில் இருந்த என் ரூம் வரைக்கும் கூடவே வரும். ரூமில் இருந்த ஆறு பேரும் வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் என்னைக் கண்டதும் மூக்கைப் பொத்துவார்கள். இரண்டு முறை சோப்புப் போட்டாலும் போகாது.

என் பெயர் பாலகுரு. முதுகுளத்தூர்ப் பக்கம். ரோலாவில் ஒரு தனியார் கிளினிக்கில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். இங்கே சொல்லப்போவது என்னைப் பற்றி இல்லை, ஷாஜினி சிஸ்டரைப் பற்றி. ஆனால் அவரைப் பற்றிச் சொன்னால் நானும் வந்துதான் தீருவேன். வேறு வழியில்லை.

சிஸ்டர் முட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர்க்காரர். அப்பா கடலுக்குப் போகிறவர். நாகர்கோவிலில் நர்சிங் படித்துவிட்டு இரண்டாயிரத்து ஒன்றில் இங்கே வந்தார். குள்ளமான உருவம், வேகமான நடை. சட்டைப் பைக்கு மேலே ஒரு வாட்ச் தலைகீழாகத் தொங்கும். எதைச் செய்தாலும் அதைத் தூக்கி ஒரு பார்வை பார்ப்பார். "ஒம்பது பதினேழுக்கு ஊசி போட்டேன்", "பத்து நாலுக்குக் கண்ணத் தொறந்தாரு" என்று நிமிடத்தோடுதான் பேச்சு வரும். ஒருமுறை நான் டீ குடிக்கப் போய்விட்டு வந்ததற்கும் "பதினோரு நிமிசம்" என்றார். நான் முறைத்தேன். அவருக்கு அது கிண்டலும் இல்லை, கண்டிப்பும் இல்லை. வெறும் பழக்கம்.

அவருடைய கணவர் பிரைட், ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் எலக்ட்ரீஷியன். அவருக்கு கம்பெனிக்குப் பக்கத்திலேயே கேம்ப்பில் தங்கல். இவருக்கு ரோலாவில் நர்சுகள் தங்கும் ஃப்ளாட். ஒரே நாட்டில் இருந்துகொண்டு புருஷன் ஒரு மூலை, பெண்டாட்டி ஒரு மூலை. இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது வெள்ளிக்கிழமை ஒன்றுதான். வேதக்கோயிலில் தமிழ்ப் பூசையும் அன்றைக்குத்தான், ஏனென்றால் இந்த ஊரில் வெள்ளிக்கிழமைதான் ஞாயிற்றுக்கிழமை. இரண்டாயிரத்து நான்கில் எங்கள் கிளினிக் அந்த வெள்ளிக்கிழமையையும் எடுத்துக்கொண்டது.

துபாய்க்கு வெளியே பாலைவனத்தில் கார் ஓட்டுவதற்கென்றே ஒரு டிராக் இருந்தது. வளைந்து வளைந்து போய்ப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் தார் ரோடு. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களின் கிளப் ஒன்று மாதத்தில் மூன்று வெள்ளிக்கிழமை அதை வாடகைக்கு எடுக்கும். ஆம்புலன்ஸும் நர்சும் அனுப்ப எங்கள் கிளினிக் காண்ட்ராக்ட் போட்டது. மற்ற நர்சுகள் ஆளுக்கொரு காரணம் சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். சிஸ்டருக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. டியூட்டி அவர் தலையில் விழுந்தது.

காலை எட்டு மணிக்கு நாங்கள் எமிரேட்ஸ் ரோட்டில் போய்க்கொண்டிருப்போம். பின்னால் அந்தக் கூட்டம் வரும். விடிந்ததும் விடியாததுமாக மலைப்பக்கம் போய், வளைவுகளில் விரட்டி விளையாடிவிட்டு, அப்படியே டிராக்குக்கு வருகிறவர்கள். சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு என்று வரிசையாக எட்டுப் பத்து வண்டி. என் பின்பக்க பம்பரை முட்டுகிற மாதிரி வந்து லைட் அடிப்பார்கள், ஒதுங்கு என்று. ஆம்புலன்ஸுக்கு வண்டிகள் ஒதுங்கிப் பார்த்திருப்பீர்கள். ஆம்புலன்ஸை ஒதுங்கச் சொல்லி லைட் அடித்தவர்கள் இவர்கள்தான். தாண்டும்போது கண்ணாடியை இறக்கிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள், ஏதோ நாங்களும் அந்த விளையாட்டில் சேர்த்தி என்பதுபோல. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கையாட்டுவேன். சிஸ்டர் வாட்ச்சைப் பார்ப்பார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் இல்லாமல் அவர்களில் ஒருவரும் அங்கே வண்டியை எடுக்க முடியாது. டிராக்கின் சட்டம் அது. வண்டிகள் உள்ளே நுழையும் வாசலுக்குப் பக்கத்தில் ஆம்புலன்ஸ் எஞ்சின் ஓடியபடி நிற்க வேண்டும். உள்ளே நர்ஸ் இருக்க வேண்டும். ஒவ்வொரு இருபது நிமிட ஓட்டத்துக்கும் முன்னால் கண்ட்ரோல் டவரிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வாக்கி டாக்கியில் கேட்பார்: "மெடிக்கல் ரெடி?" சிஸ்டர், "ரெடி" என்று சொன்னால்தான் பச்சை விளக்கு. நடுவில் "நாட் ரெடி" என்று சொல்லிவிட்டால் அந்த நிமிடமே சிவப்புக் கொடி, எல்லா வண்டியும் நிற்க வேண்டும். கோடிக்கணக்கில் விலையுள்ள வண்டிகளெல்லாம் முட்டத்துக்காரியின் ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தன என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். இரண்டு வருடத்தில் அவர் "ரெடி" என்பதைத் தவிர வேறு எதுவும் சொன்னதில்லை. அவர் சொல்லும் "ரெடி"யைச் சிலர் அதே ராகத்தில் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். அதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. முதல் நாள் அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் வந்து இடித்தபோது எனக்கும் மயிர் கூச்செறிந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொருவரும் தன் வண்டியை மஞ்சள் துணியால் துடைக்கிற துடைப்பைப் பார்த்தால், பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு பக்குவமாகத் துடைத்துவிடுவார்களா என்று தோன்றும். ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில் அன்பாகக் கூப்பிட்டு, சிஸ்டரையும் ஒரு வண்டியில் ஏற்றி ஒரு சுற்றுக் கூட்டிப்போனார்கள். இறங்கியதும் தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு ஓரமாக உட்கார்ந்தவர், கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் கேட்டார்: "ரெண்டு நிமிசம் பத்து செகண்ட் அண்ணே. சுத்திட்டுக் கடைசில இதே எடத்துக்குத்தானே வருது, இது என்னத்துக்கு?"

அந்தக் கூட்டத்தில் ஒரு தமிழர் இருந்தார். டாக்டர் தேவசுந்தரம். நாகர்கோவில்காரர். துபாயில் பெரிய தோல் டாக்டர். முகத்தில் லேசர் அடித்துப் பளபளப்பாக்கும் வேலை. அவருடையது மஞ்சள் போர்ஷே. டிராக் இல்லாத வெள்ளிக்கிழமை கோயிலில் முன்வரிசையில் இருப்பார், தமிழில் பைபிள் வாசகம் வாசிப்பார். குரல் அருமையாக இருக்கும் என்று சிஸ்டரே சொல்லியிருக்கிறார். டிராக்கில் எங்களோடு ஆங்கிலம்தான். தலைவலி மாத்திரையோ ஐஸோ வேண்டுமென்றால் மட்டும் தமிழ் எட்டிப் பார்க்கும்.

டிராக்கின் உள்பக்கம், வளைவுகளில், பழைய டயர்களைச் சேர்த்துக் கட்டிச் சுவர் மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள். ஓட்டுபவர் கைதவறினால் வண்டி அதில் போய் மோதும், ஆளுக்கு ஒன்றும் ஆகாது. கலைந்த டயர்களைத் திரும்ப அடுக்க ஒரு சப்ளை கம்பெனி ஆட்களை அனுப்பும். ஐந்தாவது வளைவில் கார்மேகமும் பாண்டித்துரையும். இரண்டு பேரும் கமுதிப் பக்கம், எனக்குப் பக்கத்து ஊர் மாதிரி. காலையில் வண்டிகள் ஓட ஆரம்பிக்குமுன் டிராக்கைத் தாண்டி உள்ளே போனார்கள் என்றால் இடைவேளைக்குத்தான் வெளியே வர முடியும். சுற்றிலும் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது எப்படித் தாண்டுவது? நிழலுக்கு அங்கே ஒரு குச்சிகூடக் கிடையாது. தண்ணீர் பாட்டில் டயர் மேலேயே கிடந்து கொதிக்கும். டீ இடைவேளையில் கார்மேகம் வந்து ஆம்புலன்ஸின் ஏசிக் காற்றில் கையை நீட்டிக்கொண்டு, "அண்ணே, எங்க ஊரு மாட்டு வண்டிப் பந்தயத்துல கூட மாட்டுக்கு நிழல் போடுவோம்ணே" என்று சொல்லிச் சிரிப்பான். சம்சாரம் பெயர் சரசு என்றும், இரண்டு பெண் குழந்தைகள் என்றும் சிஸ்டரிடம் சொல்லியிருந்தான்.

இரண்டாயிரத்து ஆறு, மே மாதக் கடைசி வெள்ளி. சீசனின் கடைசி நாள் என்பதால் கூட்டம் அதிகம். மதிய வெயிலில் வெளிவேலை கூடாது என்ற தடை ஜூலையில்தான் ஆரம்பிக்கும். வெயிலுக்கு அந்தத் தேதியெல்லாம் தெரியுமா? ஜும்மா தொழுகை முடிந்து இரண்டேகாலுக்கு மறுபடி ஓட்டம் ஆரம்பமானது. இரண்டாவது ஓட்டம் நடந்துகொண்டிருந்தபோது என் செல்போன் அடித்தது. பாண்டித்துரை.

"அண்ணே, கார்மேகம் விழுந்துட்டான்ணே. என்னென்னமோ ஒளறுறான். வெரசா வாங்கண்ணே."

சிஸ்டர் போனை வாங்கினார். வாட்ச்சைப் பார்த்தார். இரண்டு நாற்பத்தெட்டு.

"வேர்க்குதா?"

"வேர்வையே இல்ல சிஸ்டர். தொட்டா அடுப்பு மாதிரி சுடுது. என்னையே யாருன்னு கேக்குறான்."

சிஸ்டரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். "ஹீட் ஸ்ட்ரோக் அண்ணே. இப்பமே ஐஸ்ல போடணும். லேட்டானா போயிரும்" என்றார். உடனே வாக்கி டாக்கியை எடுத்துத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார், ஐந்தாவது வளைவில் தொழிலாளி விழுந்துவிட்டான், நான் உள்ளே போக வேண்டும் என்று. டவரில் கேட்டார்கள்: "ஓட்டுபவரா?" இல்லை, தொழிலாளி. "ஓட்டம் முடியப் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது. ஸ்டாண்ட் பை."

ஸ்டாண்ட் பை என்றால் நில் என்று அர்த்தம். ஆனால் "நாட் ரெடி" என்று அவர் சொல்லியிருந்தால் டவரே நினைத்தாலும் ஓட்டத்தைத் தொடர முடியாது. சட்டம் அப்படி. அது சிஸ்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவருடைய பெருவிரல் பொத்தான் மேல் இருந்தது.

அடுத்த ஓட்டத்துக்கு வரிசையில் நின்ற டாக்டர் தேவசுந்தரம் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் பக்கமாக வந்துகொண்டிருந்தார். சிஸ்டர் கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடியே போய்ச் சொன்னார். அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட வந்திருக்கும், டாக்டர் ஒருவர் கிடைத்துவிட்டாரே என்று.

டாக்டருக்குத் தமிழ் வந்துவிட்டது. "ஷாஜினி, இது வெறும் மயக்கம். தண்ணியக் குடுத்துக் காலத் தூக்கி வைக்கச் சொல்லு. பன்னெண்டு நிமிசத்துல ஒண்ணும் ஆவாது. நான் டாக்டர் சொல்லுதேன்லா?"

"வேர்வை இல்லியாம் டாக்டர். ஆளு தெரியலியாம்."

"போன்ல கேட்டு நீ டயக்னோசிஸ் பண்ணுதியா?" என்று சிரித்தார். "இன்னைக்கு லாஸ்ட் டே. எல்லாரு மூடையும் கெடுக்காத."

தோல் டாக்டர். அந்தத் தோலைத் தொட்டுப் பார்த்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும்.

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். இதுவரைக்கும் சொன்னது மற்றவர்களைப் பற்றி. இனி என்னைப் பற்றி. நான் சொன்னேன்: "சிஸ்டர், டாக்டரே சொல்றாருல்ல. பன்னெண்டு நிமிசந்தான. நம்ம பேர்ல சிவப்புக் கொடி விழுந்தா காண்ட்ராக்ட் போயிரும். நம்ம ரெண்டு பேரு விசாவையும் கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிருவாங்க." அவருக்கு நர்சிங் பள்ளியில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது, டாக்டர் சொன்ன பிறகு நர்ஸ் மறுபேச்சுப் பேசக் கூடாது என்று. பத்து வருடப் பழக்கம். பெருவிரல் பொத்தானிலிருந்து இறங்கியது.

பன்னிரண்டு நிமிடமும் அவர் வாட்ச்சைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து உறுமிவிட்டுப் போயின. தூரத்தில் ஐந்தாவது வளைவில் பாண்டித்துரை தன் பச்சைச் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தான். ஓட்டுபவர்கள் பார்த்திருப்பார்கள். யாரோ உற்சாகப்படுத்துகிறான் என்று நினைத்திருப்பார்கள். ஒரு ஆரஞ்சு வண்டி அவனுக்கு ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

மூன்று மணிக்கு ஓட்டம் முடிந்தது. டவரில் சொன்னார்கள், ஐந்து நிமிட இடைவெளிதான், சீக்கிரம் போய்வா என்று. பறந்து போனேன். கார்மேகத்தைத் தூக்கியபோது என் கை சுட்டது. இது மிகைப்படுத்திச் சொல்வது இல்லை. கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. இருந்த ஐஸையெல்லாம் சிஸ்டர் அவன் கழுத்திலும் அக்குளிலும் வைத்தார். நாற்பத்திரண்டு டிகிரி என்று வாய்விட்டுச் சொன்னார், நேரத்தையும் சொன்னார். பாண்டித்துரை கீழே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

வாசலுக்கு வந்தால், வெளியே போகவிடாமல் அடுத்த ஓட்டத்துக்கான வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. டவரிலிருந்து குரல்: "ஆளை இறக்கி வையுங்கள், நகரத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறோம், இருபத்தைந்து நிமிடத்தில் வரும். உங்கள் இடத்துக்குத் திரும்புங்கள். மெடிக்கல் ரெடி?"

சிஸ்டர் கார்மேகத்தின் கழுத்தில் ஐஸை நகர்த்தி வைத்தார். மறுபடி கேட்டார்கள். முப்பது எஞ்சின்கள் நின்ற இடத்தில் கத்திக்கொண்டிருந்தன. மூன்றாவது முறை கேட்டபோது பொத்தானை அழுத்தி, "மெடிக்கல் நாட் ரெடி. மெடிக்கல் கோயிங்" என்றார். பிறகு என்னிடம், "எடுங்க அண்ணே" என்றார். அதற்குமுன் அவர் குரல் அப்படி நான் கேட்டதில்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. வழியை அடைத்துக்கொண்டு நின்றது மஞ்சள் போர்ஷே. நான் சைரனைப் போட்டேன். டாக்டர் இறங்கி, என் வண்டியின் பக்கக் கண்ணாடியையும் தன் வண்டியின் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இடிக்குமா, கோடு விழுமா என்று அளவு பார்த்தார். பிறகு ஏறி, பூவைத் தொடுகிற மாதிரி மெதுவாகப் பின்னால் எடுத்தார். அதற்கு இரண்டு நிமிடம். எனக்கு அவர் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. துப்பவில்லை. துப்புகிற யோக்கியதை எனக்கு மட்டும் என்ன இருந்தது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்மேகம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். முன்னமே கொண்டுவந்திருக்கலாமே என்று அங்கே ஒரு டாக்டர் சிஸ்டரிடம் கேட்டாராம். சாவுச் சான்றிதழில் மாரடைப்பு என்று வந்தது. சப்ளை கம்பெனிக்கு அது வசதி. வேலையில் செத்தவன் வீட்டுக்குக் கம்பெனி பதில் சொல்ல வேண்டும், தானாகச் செத்தவன் வீட்டுக்குப் பெட்டியை அனுப்பினால் போதும்.

அதே வாரம் கிளினிக்குக்கு இரண்டு பக்கக் கடிதம் வந்தது. கிளப்பிலிருந்து. எழுதியவர் டாக்டர் தேவசுந்தரம். அழகான ஆங்கிலம். சீசனின் கடைசி இரண்டு ஓட்டங்கள் ஒரு நர்சின் பதற்றத்தால் கெட்டுப்போயின என்றும், உறுப்பினர்களின் ஏமாற்றத்தைச் சொல்லி முடியாது என்றும் இருந்தது. கார்மேகத்தின் பெயர் அதில் இல்லை. "சம்பந்தமில்லாத ஒரு நபர்" என்று ஒரு இடத்தில் வந்தது.

எங்கள் மேனேஜர் முத்துராமன், கும்பகோணத்துக்காரர், நல்ல மாதிரியாகப் பேசுகிறவர். சிஸ்டரைக் கூப்பிட்டு, "ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துடும்மா, முடிச்சுடலாம்" என்றார். சிஸ்டர் எழுதினார். அதைப் படித்த முத்துராமனுக்கு வேர்த்துவிட்டது. மன்னிப்புத்தான் கேட்டிருந்தார், இப்படி: இரண்டு நாற்பத்தெட்டுக்கு எனக்குத் தகவல் வந்தது, இரண்டு ஐம்பதுக்கு டாக்டர் இன்னார் காத்திருக்கச் சொன்னார், நான் காத்திருந்தேன், மூன்று மணிவரை ஓட்டத்தை நிறுத்தாதது என் தவறு, அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்காக கார்மேகத்தின் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கடைசி வரி: "தகவல் வந்த நேரம் டிரைவர் பாலகுருவின் செல்போனில் இருக்கிறது."

"யாருகிட்ட மன்னிப்புக் கேக்கச் சொன்னா யாருகிட்டம்மா கேக்கறே?" என்றார் முத்துராமன். மாற்றி எழுதச் சொன்னார். நான் எழுதினது தப்பா என்று சிஸ்டர் கேட்டார். தப்பில்லை, ஆனால் மாற்று என்றார். மாட்டேன் என்று சிஸ்டர் சொல்லவில்லை. மறுநாளும் அதையே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார், இன்னும் நல்ல கையெழுத்தில். மூன்றாம் நாள் விசாவைக் கேன்சல் செய்ய பாஸ்போர்ட்டை எடுத்துவிட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அவருக்கு டியூட்டி இல்லை. பிரைட் ராஸ் அல் கைமாவிலிருந்து வந்தார், இரண்டு பேருமாகப் பூசைக்குப் போனார்கள். டாக்டர் தேவசுந்தரம் முன்னால் வந்து மன்றாட்டு வாசித்தாராம்: "கடும் வெயிலில் உழைக்கும் எம் சகோதரர்களுக்காக." கோயில் முழுக்க, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. சிஸ்டர் வாயைத் திறக்கவில்லை. பூசை முடிந்து வாசலில் அவரிடம் போய், "டாக்டர், ரெண்டு அம்பதுக்கு நீங்க சொன்னத ஒரு பேப்பர்ல எழுதித் தருவீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அவர் இடுப்பிலிருந்து கார் சாவியை எடுத்துக்கொண்டு, இது அதற்கான இடமில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். இதைச் சொன்னபோது சிஸ்டர் கோபப்படவில்லை. "இனி நீங்க ஒராளுதான் அண்ணே இருக்கீங்க" என்றார்.

அதற்கு முந்தின நாளே முத்துராமன் என்னைக் கூப்பிட்டிருந்தார். என் பெயரில் டைப் அடித்த பேப்பர் மேஜைமேல் இருந்தது. ஓட்டம் முடிந்த பிறகு, மூன்று மணிக்குத்தான் தகவல் வந்தது என்று அதில் இருந்தது. "படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்கோ" என்றார் மரியாதையாக. பாண்டித்துரையை கம்பெனி அபுதாபி சைட்டுக்கு மாற்றிவிட்டது, போன் நம்பரும் மாறிவிட்டது என்று கூடுதலாக ஒரு தகவலும் சொன்னார். எனக்கு இன்னும் ஒன்றரை வருடம் விசா இருந்தது. ஊரில் வீட்டுக்கு லிண்டல் மட்டம் வரை சுவர் எழும்பியிருந்தது. போட்டேன். பிறகு செல்போனை மேஜைமேல் வைக்கச் சொன்னார். வந்த அழைப்புகளை அழிக்க இரண்டு பொத்தான் அமுக்கினால் போதும். அதை அவர் செய்யவில்லை. என்னையே செய்யச் சொன்னார், நானே அமுக்கினேன்.

ஷார்ஜா ஏர்போர்ட்டுக்கு சிஸ்டரைக் கொண்டுபோய் விட்டதும் நான்தான். திருவனந்தபுரம் விமானம், பகல் ஒரு மணிக்கு. பிரைட்டுக்கு லீவு கிடைக்கவில்லை. ஐந்து வருடத்துக்கு ஒரே ஒரு பெட்டி. இறக்கி டிராலியில் வைத்தேன். அவர் பழக்கதோஷத்தில் நெஞ்சில் வாட்ச்சைத் தேடினார். சேலையில் வாட்ச் இல்லை.

"அண்ணே, சரசுக்குப் போன் போட்டேன்" என்றார். "ஒண்ணும் வெளங்காம அழுதுட்டே இருந்துச்சு. அப்புறமாட்டு, ரெண்டு பேரு எழுதிக் குடுத்திருக்கோம், ஒம்புருசன் தானா விழுந்து சாவலன்னு சொன்னேன். அங்க ஒரு வக்கீலப் பாத்திருக்காவளாம். நீங்க என்ன எழுதுனீங்க அண்ணே?"

"உள்ளதத்தான் சிஸ்டர்."

"போன்ல அந்த நேரம் இருக்குல்லா? அழிச்சிராதீங்க."

"இருக்கு சிஸ்டர்."

அவர் கண் கலங்கிவிட்டது. "நீங்க பயப்படுவீங்கன்னு நெனச்சேன். மன்னிச்சிருங்க அண்ணே" என்று என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். என்னைவிடக் கேவலமான பிறவி அந்த ஏர்போர்ட்டில் அன்றைக்கு இருந்திருக்க முடியாது.

காண்ட்ராக்ட் போகவில்லை. அக்டோபரில் அடுத்த சீசன் ஆரம்பித்தது. ஐந்தாவது வளைவில் புதிதாக இரண்டு பேர். புது நர்ஸ் சின்னப் பெண், வாக்கி டாக்கியைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொண்டது. வண்டிகள் வரிசையில் நின்று உறுமின. முன்னால் மஞ்சள் போர்ஷே, துடைத்து வைத்த மாதிரி. டவரிலிருந்து கேட்டார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் அவள் கையிலிருந்து அதை வாங்கிச் சொன்னேன்.

"ரெடி சார்."